நகைப்பெட்டியில் ஒரு மஞ்சள் தூள்

பிள்ளைகளே, போன மாதம் உங்கள் புதிய ஆய்வுகூடக் கட்டடத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன். வழுவழுப்பான மேசைகள், புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டி, சுவர் நிறையச் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கைப் படங்கள். உங்களில் ஒருத்தி கேட்டாள், "மிஸ், உங்கடை காலத்திலை பாதுகாப்பு விதியள் இருந்ததோ?" என்று. "இருந்தது பிள்ளை, லாச்சிக்குள்ளை இருந்தது" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அந்த லாச்சியின், அந்த மேசை இழுப்பறையின், கதையை முழுதாகச் சொல்லாமல் பகிடியோடு விட்டது சரியில்லை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடம் அப்போது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. முன்னால் பதிவு அறை, உள்ளே பரிசோதனை அறை, பின்னால் கிணறும் ஒரு கறுத்தக்கொழும்பு மாமரமும். மாம்பழக் காலத்தில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும், அதை மறைக்கப் போவதில்லை. தேத்தண்ணியைப் பரிசோதனைக் குவளையில் ஊற்றிக் குடித்த கூட்டம் நாங்கள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் அந்த அறையின் குளிர்ச்சியும், நனைந்த சீமெந்துத் தரையின் மணமும், காலையில் எல்லாப் போத்தல்களிலும் ஒரே நேரத்தில் விழும் வெயிலும் இன்றைக்கும் எனக்கு வேண்டும். உங்கள் கட்டடம் நல்ல கட்டடம்தான். ஆனால் அதற்கு ஒரு மணமும் இல்லை.

அங்கே நான் இரசாயனவியலாளர். சிவமலர் அக்கா ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பதவியில் நான் மேலே என்பதால் அவர் என்னை மிஸ் என்பார், வயதில் அவர் மேலே என்பதால் நான் அவரை அக்கா என்பேன். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் ஒரு திறப்புக்கோர்வை. அந்தக் கோர்வையில் மிகச் சின்னத் திறப்பு ஓர் இரும்பு அலுமாரியினுடையது. அந்த அலுமாரிக்கு நாங்கள் வைத்த பெயர் நகைப்பெட்டி.

நகைப்பெட்டிக்குள் இருந்த முக்கியமான பொருள் ஒரு சிறிய கபிலநிறப் போத்தல். அதற்குள் மஞ்சள் தூள். பிளாற்றின உப்பு. கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு பழுப்பாக இருக்கிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? இந்த உப்பைக் கரைத்து இளமஞ்சளாக வரிசையாக ஒப்பீட்டுக் குழாய்கள் செய்து வைப்போம், வருகிற தண்ணீரை அவற்றுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்போம். அதற்குத்தான் இவ்வளவும். உங்களுக்கு இப்போது பொத்தானை அழுத்தினால் இலக்கம் வருகிறது.

எங்கள் அறையில் பொருட்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தோம். எரிப்பது கீழ்த்தட்டில், நஞ்சு மேல்தட்டில், விலை கூடியது நகைப்பெட்டியில். இந்த உப்பை விலையால் வகைப்படுத்தினோம். அதை யாராவது திருடிவிடுவார்களோ என்றுதான் பயந்தோமே தவிர, அது எங்களை என்ன செய்யும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. பழைய போத்தலில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தது. சாப்பிட்டால் நஞ்சு என்று அதற்குப் பொருள். யார் சாப்பிடப் போகிறார்கள்?

போர்நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமே கிடைக்காத ஊரில் பிளாற்றினத்துக்கு எங்கே போவது? பழைய ஒப்பீட்டுக் கரைசல்களை ஊற்றிவிடாமல் சேர்த்து, வற்றவைத்து, மஞ்சள் பொடியைப் பிரித்தெடுத்து, காயவைத்து, பீங்கான் உரலில் அரைத்துத் திரும்பவும் போத்தலுக்குள் போடும் வழியை நான்தான் கண்டுபிடித்தேன். எனக்கு அதில் பெரிய பெருமை. அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு தரம் செய்வதற்குள் அவருடைய கை என் கையைவிடப் பக்குவமாகிவிட்டது. உரலின் ஓரத்தில் ஒட்டிய தூளைக் கோழி இறகால் வருடி எடுப்பார். ஒரு துணிக்கை வீணாகாது.

பிறகு, போர் நகரத்தை நெருங்கியதும், அந்தப் பெரிய இடப்பெயர்வு. ஊர் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குப் பத்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவு சனம். அந்த நெரிசலில் அக்காவைக் கண்டேன். ஒரு கையில் மகள், மறு கையில் ஒரு பை. மடியில் ஏதோ முடிந்து கட்டியிருந்தார்.

"என்னக்கா மடியிலை? நகையோ?" என்று கேட்டேன்.

"நகை மாமியிட்டைக் குடுத்திட்டன் மிஸ். இது எங்கடை லாப்" என்றார்.

அந்தக் கபிலப் போத்தலைத்தான் கட்டிக்கொண்டு நடந்தார். மாமியாரிடம் கொடுத்த நகை திரும்பி வரவில்லை. போத்தல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது அரசாங்கத்தின் போத்தல் இல்லை, சிவமலர் அக்காவின் போத்தல். நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அந்தத் தூளைச் சிக்கனத்துக்காக மட்டும் அரைக்கவில்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். போர் முடிந்தது. பாதை திறந்தது. கேட்ட இரசாயனம் கேட்ட மாதத்தில் கொழும்பிலிருந்து வந்தது. புதுப் பிளாற்றின உப்பும் ஒரு போத்தல் வந்தது. நாங்கள் அதன் மூடி முத்திரையை உடைக்கவில்லை. பழையதை முதலில் முடிப்போம் என்று லாச்சிக்குள் வைத்துப் பூட்டினோம். பழையது எப்படி முடியும்? நாங்கள்தான் அதை முடிய விடாமல் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருந்தோமே. இல்லாத காலத்தில் பழகிய கை, எல்லாம் வந்த பிறகும் அரைப்பதை நிறுத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் இராணுவத்திடம் இருந்த வடக்குக் கரைக் காணிகளை விடுவிக்கத் தொடங்கினார்கள். காங்கேசன்துறை, மயிலிட்டிப் பக்கத்துச் சனங்கள் இருபது, இருபத்தைந்து வருடம் மூடிக் கிடந்த கிணறுகளை இறைத்துவிட்டு, சோடாப் போத்தல்களில் தண்ணீரோடு வந்து வாசலில் நின்றார்கள். சிலர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அழுதார்கள். எல்லாம் பழுப்புத் தண்ணீர். எங்கள் ஒப்பீட்டுக் குழாய்களுக்கு ஓய்வில்லை. மாதம் ஒரு முறை அரைத்த தூளை அக்கா கிழமைக்கு ஒரு முறை அரைத்தார்.

முதலில் தும்மல் வந்தது. பிறகு கண் சிவந்து நீர் வடிந்தது. பிறகு இருமல். "செம்மண் புழுதி மிஸ், ஊரெல்லாம் வீடு கட்டுறாங்கள்" என்றார் அக்கா. நானும் ஓம் என்றேன். வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து, பழைய ஓட்டின் தூசி, வயது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். சில நாட்களில் பின்னேரம் வீட்டுக்குப் போனபிறகுதான் மூச்சு அடைத்து முட்டு இழுக்கும் என்பதால், வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று தலையணைப் பஞ்சைக்கூட மாற்றிப் பார்த்தார்.

நல்லூர்த் திருவிழா வந்தது. அக்கா வழமைபோல லீவு போட்டு விரதம் இருந்தார். அந்த வருடம் முட்டு மாற வேண்டும் என்று நேர்த்தியும் வைத்தார். மாறிவிட்டது. தேர் முடிந்த மறுநாள் நான் கோயில் வீதியில் அவரைக் கண்டபோது, பத்து வயது குறைந்தவர் போல விறுவிறுவென்று நடந்து வந்தார். "பாத்தியளே மிஸ், அவன் என்னைக் கைவிடேல்லை" என்றார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த வேதக்காரி. கந்தனோடு வழக்காட நான் யார்? சந்தோஷம் அக்கா என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேலையில் நின்றால் வருத்தம், லீவில் நின்றால் சுகம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. விஞ்ஞானப் பட்டம் வாங்கிய நான் மரியாதையின் பேரால் அந்தக் கணக்கைச் செய்யாமல் விட்டேன். அவருடைய நம்பிக்கையைக் குத்திக்காட்டாமலே, "அக்கா, லீவிலையும் நிண்டனீங்கள் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். திருவிழா நாட்களில் குவிந்துபோன கரைசல்களை நான் வற்றவைத்துக் காயவைத்திருந்தேன். "நீங்கள் விடுங்கோ மிஸ், உங்களுக்கு அரைக்கத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டு உரலை இழுத்து முன்னால் வைத்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பதிவுப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழவியின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. திரும்பிப் பார்த்தபோது அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது, காற்றுத்தான் போகவில்லை. உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைக் கதிரையில் இருத்தி, காற்று வரட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் போட்டேன். உரல் திறந்தபடி பக்கத்தில் இருக்கிறது.  அக்கா தலையை ஆட்டினார். கதைக்க முடியவில்லை. கையை நீட்டி வாசலைக் காட்டினார். நான் "பொறுங்கோ, பொறுங்கோ" என்று இன்னும் விசிறிக்குக் கிட்ட அவரைத் தள்ளுகிறேன். அவர் மறுபடியும் வாசலைக் காட்டினார். கடைசியில் தன் பலத்தில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய் விழுந்தார். அவருடைய உடம்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மூச்சுத் திணறும் ஆள் கையைக் காட்டினால் அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனோம். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டொக்டர் இளம் ஆள், நிதானமானவர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவ என்ன வேலை செய்யிறவ?"

"தண்ணி டெஸ்ட் பண்ணுற இடம் டொக்டர்."

"கெமிக்கல் ஏதும் பாவிக்கிறனீங்களோ?"

"பெரிசா ஒண்டும் இல்லை. தண்ணிதான்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆலையில் வேலை செய்பவர்களுக்குத்தான் இரசாயனம் கேடு, நாங்கள் தண்ணீரைப் பார்க்கிறவர்கள் என்று. டொக்டர் எழுதிக்கொண்டே, "வீட்டிலை நிக்கேக்கை சுகமா இருப்பாவோ?" என்று கேட்டார். "திருவிழா லீவிலை ஒரு முட்டும் இல்லை" என்று என் வாய் சொன்னது. சொன்னபோதுதான் அது என் காதில் விழுந்தது. டொக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "திரும்பிப் போய், அவ கடைசியா என்னத்தைத் தொட்டவ எண்டு பாருங்கோ" என்றார்.

அன்று மத்தியானமே திரும்பி வந்தேன். உரலின் ஓரத்தில் மஞ்சள் தூள், பக்கத்தில் கோழி இறகு. லாச்சியைத் திறந்து, ஒரு வருடமாக உடைக்காமல் கிடந்த புதுப் போத்தலை எடுத்தேன். புது முறைப்படி ஒட்டிய சுட்டி. மண்டையோடு இருந்தது, அரிக்கும் என்பதற்கான படம் இருந்தது, மூன்றாவதாக நான் கவனித்தே இராத ஒரு படம். ஒரு மனிதனின் தலையும் மார்பும். மார்பின் நடுவில் நட்சத்திரம் ஒன்று வெடித்துக் கிடந்தது. சுற்றியிருந்த தாளை விரித்தேன். விழுங்கினால் நஞ்சு. கண்ணுக்குக் கடும் சேதம். தோலில் ஒவ்வாமை. சுவாசித்தால் ஒவ்வாமை, ஆஸ்துமா, மூச்சுத் திணறல். தூசி எழுப்பாதே. நகைக் கடையில் மோதிரமாக இருக்கும் உலோகம் ஒன்றும் செய்யாது, இந்த உப்புத்தான் செய்யும். ஒருமுறை உடம்பு பழகி எதிர்க்கத் தொடங்கிவிட்டால், பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. பழையதை முடித்துவிட்டு உடைப்போம் என்று நாங்கள் பூட்டி வைத்த தாளில்.

மறுநாள் அந்தத் தாளோடு டொக்டரிடம் போய், முதல்நாள் நான் சொன்னது பிழை என்றேன். வெட்கம்தான். ஆனால் சொன்னேன். அவர் வாசித்துவிட்டு ஒரே வசனத்தில் முடித்தார். இனி அக்கா அந்த உப்பின் கிட்டவும் போகக் கூடாது, கையுறையும் முகக்கவசமும் அவருக்குப் போதாது, அடுத்த தரம் ஆசுப்பத்திரிக்கு வந்துசேர நேரம் இருக்குமோ தெரியாது.

இரண்டு கிழமையில் அக்கா வேலைக்குத் திரும்பினார். நான் அவரை முன்னால் பதிவு அறையில் இருத்தினேன். தண்ணீர் கொண்டு வருபவர்களின் பெயரை எழுதும் வேலை. உள்ளே வர வேண்டாம் என்றேன். நகைப்பெட்டியின் திறப்பையும் கேட்டு வாங்கினேன். கோர்வையிலிருந்து அதைக் கழற்ற அவருக்கு நெடுநேரம் எடுத்தது. அரைப்பதை நிறுத்தினேன், உரலைக் கழுவி மூடினேன். விதிப்படி எல்லாம் செய்தாயிற்று என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பதிவு அறையில் இருந்தபடியே அக்காவுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது.

உள்ளே, இடுக்குகளில் இன்னும் தூள் படிந்திருந்த அறையில், வேலை செய்யும் நாங்கள் அதே வெள்ளை உடுப்போடு அவருக்குப் பக்கத்தால் போய்வந்துகொண்டிருந்தோம். அதுதான். மற்ற ஊழியர்களிடம் சொன்னால் நம்பவில்லை. "உடுப்பிலை ஒட்டினதோ? கண்ணுக்கே தெரியேல்லையே மிஸ்" என்றார்கள். தாளை வாசித்துக் காட்டினேன், தலையாட்டிவிட்டு அதே உடுப்போடு போனார்கள். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "செத்தவீட்டுக்குப் போட்டு வந்து நேரா வீட்டுக்குள்ளை போவியளோ?" என்று கத்தினேன். "குளிச்சு உடுப்பு மாத்தாமல் ஒரு பொருளைத் தொடுவியளோ? கண்ணுக்குத் தெரியுதோ அந்தத் துடக்கு? உள் அறைக்கை போட்டு வாறதும் அதுதான்!"

 அன்றிலிருந்து கிணற்றடியில் குளித்து, உடுப்பு மாற்றாமல் ஒருவரும் முன்னறைப் பக்கம் போகவில்லை. எத்தனை பயிற்சி வகுப்பிலும் விளங்காதது துடக்கு, தீட்டு என்ற அந்த ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் பதிவு அறையில் இருந்த அக்காவுக்கு நான் கத்தியதில் பாதிதான் கேட்டிருக்கிறது. பின்னேரம் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு என் முன்னால், வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்.

"மிஸ், நானோ துடக்கு?"

"ஐயோ அக்கா, நீங்கள் இல்லை. நாங்கள்தான் துடக்கு. உங்களிட்டை வராமல் இருக்கத்தான் நாங்கள் குளிக்கிறம்."

"அது எனக்கு விளங்குது. ஆனா இதையும் விளங்கப்படுத்துங்கோ. அந்தப் போத்தலை மடியிலை கட்டிக் காப்பாத்தினது நான். இப்ப போத்தல் உள்ளுக்கை இருக்குது, நான் வெளியிலை நிக்கிறன்."

சத்தம் போடவில்லை. அழவுமில்லை. சொல்லிவிட்டுப் போய் பஸ் ஏறிவிட்டார். நான் கதிரையில் இருந்தபடியே இருந்தேன். என் விதி, என் தடை, என் துடக்கு எல்லாம் சரி. ஆனால் ஆபத்து ஒரு போத்தலில் இருக்க, நான் அகற்றியது ஒரு மனுசியை. ஏன்? மனுசியை நகர்த்துவது சுகம். கையெழுத்துப் போட்டால் போதும். போத்தலை நகர்த்தத்தான் யோசிக்க வேண்டும்.

யோசித்தேன். பிளாற்றினம் இல்லாவிட்டால் நிறப் பரிசோதனை இல்லை. நிறப் பரிசோதனை இல்லாமல் அறிக்கை எப்படி? வாசலில் வடக்குக் கரைச் சனம் காத்து நிற்கிறதே? இந்தக் குழப்பத்தோடு அடுத்த நாள் பதிவு மேசையில் நானே இருந்தேன், அக்கா வரவில்லை. மயிலிட்டியிலிருந்து ஒரு பெரியவர், கடலில் கறுத்துப்போன ஆள், சோடாப் போத்தலை நீட்டினார். நிறத்தை இப்போதைக்கு அளக்க முடியாது, கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும் என்றேன்.

அவர் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இது தேத்தண்ணிக் கலர் எண்டு எனக்குத் தெரியுது. அதுக்கு நீ ஏன் மினைக்கெடுறாய்? இதைக் குடிச்சால் என்ரை பேரப்பிள்ளையளுக்கு வருத்தம் வருமோ இல்லையோ, அதைச் சொல்லு."

சரிதானே? கிருமி இருக்கிறதா, நைத்திரேற்று இருக்கிறதா, எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது. அவற்றுக்கு எங்கள் சோதனை வேண்டும், அவற்றுக்குப் பிளாற்றினம் வேண்டாம். கண்ணால் எவரும் காணக்கூடிய ஒன்றை இலக்கமாக எழுதிக் கொடுப்பதற்காகத்தான் நான் ஒருத்தியின் மூச்சைச் செலவழித்திருக்கிறேன். அவருடைய தண்ணீரை அன்றே எடுத்தேன். நிறம் என்ற இடத்தில் "பழுப்பு, கண்ணால் பார்த்தது" என்று எழுதினேன்.

மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். நிறத்தை இலக்கமாக அறிய வேண்டிய மாதிரிகளை இனிக் கொழும்புக்கு அனுப்புவோம், இந்த உப்பு இனி எங்கள் கூரைக்குக் கீழே இருக்காது என்று. உடனே சம்மதம் வரவில்லை. இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே, பெறுமதியான பொருள், பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் டொக்டரின் கடிதத்தை இணைத்துத் திரும்பவும் எழுதினேன். அடுத்த தடவை ஏதும் நடந்தால் பொறுக்கச் சொன்னவரின் பெயரையும் எழுதி வைப்பேன் என்று சேர்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்று உங்களுக்குத் தெரியும்தானே. சம்மதம் வந்தது.

அந்தக் கிழமை முழுக்க அறையை ஈரத்துணியால் துடைத்தோம். தும்புத்தடியால் கூட்டவில்லை, தூசி எழும்பும். மேசை, லாச்சி, யன்னல் விளிம்பு, விசிறியின் இறக்கை எல்லாம். கோழி இறகை, துணிகளை, பழைய வெள்ளை உடுப்புக்களை எல்லாம் பொதிந்து முத்திரையிட்டோம். உடைத்ததும் உடைக்காததுமாக இரண்டு போத்தல்களையும் தடித்த பைக்குள், பையைத் தகரத்துக்குள், தகரத்தைப் பெட்டிக்குள் வைத்தோம். முறையான வசதியுள்ள கொழும்பு ஆய்வுகூடம் ஒன்று பொறுப்பெடுக்கச் சம்மதித்தது. எங்கள் கூடத்து வான் வண்டியில் நானே கொண்டுபோவதாகச் சொன்னேன். இன்னொருவரை அனுப்ப மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா உள் அறைக்குத் திரும்பினார், ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். கிருமிச் சோதனையில் அவரைப் போலக் கை எனக்கு இல்லை. ஆனால் நுரையீரல் முழுதாகத் திரும்பவில்லை. கைப்பையில் திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் முட்டுக்கு உறிஞ்சுகிற ஒரு மருந்துப் பம்ப் எப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த உரல் வேலையை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த நாளுக்குத் திரும்பிப் போக முடியுமானால் போவேன். அந்த ஓட்டு வீட்டின் மணத்தையும் மாம்பழத்தையும் நான் எவ்வளவு ஆசையாகச் சொன்னாலும், அந்த நாளும் அதே வீட்டில்தான் இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

வான் புறப்பட்ட காலையைச் சொல்லி முடிக்கிறேன். அக்காவுக்கு நான் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை முன்னிருக்கைக்குக் கொண்டு வந்தபோது, வீதிக்கு அந்தப் பக்கம், காற்று எங்களிடமிருந்து அவருக்குப் போகாத இடமாகப் பார்த்து, வேப்பமரத்தடியில் சிவமலர் அக்கா நின்றார். சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தார். கிட்ட வரவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மழையில் மடியில் கட்டி நடந்த போத்தல், இப்போது வாகனத்தில் ராணி மாதிரிப் போகிறது. அவர் முகம் பாதி மூடியிருந்ததால் அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

நான் இருக்கையில் ஏறி, பெட்டியைத் தூக்கி, யோசிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். வான் நகர்ந்தது.

"மிஸ்!" என்று ஒரு சத்தம். முட்டுக்காரியின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அது. தலைப்பை எடுத்துவிட்டு, வீதி முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"மடியிலை வைக்காதேங்கோ! கீழை வையுங்கோ!"

நான் பெட்டியைக் கீழே இறக்கி, இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். வைத்துவிட்டேன் என்று கையைக் காட்டிய பிறகுதான் தலைப்பைத் திரும்பவும் மூடினார்.